கடைசி எபிசோடின் மேல் விழும் பழி

2021 டிசம்பர் 24 அன்று அமேசான் பிரைமில் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் சீசன் முடிந்தது. அதன் இறுதியான எட்டாவது எபிசோட் தொடங்குகிற காட்சியை மட்டும் இன்றைக்கும் தேடி எடுத்துப் பார்ப்பதுண்டு. கதை நடக்கும் காலத்துக்கு மூவாயிரம் ஆண்டு முந்தைய ஓர் அறை. லூஸ் தெரின் என்ற மாவீரனும் லட்ரா போசே என்ற தலைவியும் வாதாடுகிறார்கள். இருள் தேவனைச் சிறைவைக்கப் போகிறேன் என்கிறான் அவன். ஆண்கள் மட்டும் போய்த் தோற்றால் அதன் பின்விளைவை யார் தாங்குவது என்கிறாள் அவள். பேசுவது முழுக்கக் கதைக்குள் வழக்கொழிந்துபோன பழைய மொழியில். பேச்சு முடிந்து, ஜன்னலுக்கு வெளியே பார்வை போகும்போது அங்கே கோட்டையும் குதிரையும் இல்லை. வானத்தில் வாகனங்கள் மிதக்கும் பெருநகரம் ஒன்று கிடக்கிறது. நாம் ஏழு எபிசோடுகளாகப் பழமை என்று நினைத்துப் பார்த்த உலகம், மிகப் பெரிய ஒரு நாகரிகம் அழிந்த இடிபாடுகளில் குடியிருக்கிறது. மூல நாவல்களை எழுதிய ராபர்ட் ஜோர்டன் பல நூறு பக்கங்களில் கசியவிட்ட செய்தி அது. தொடர் அதை ஒரே பார்வையில் சொல்லிவிட்டது.

அதே எபிசோடில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள், சாகக்கூடாத ஒருத்தி செத்து உடனே பிழைக்கிறாள். செத்தான் என்று காட்டப்பட்ட ஒருவன் அடுத்த சீசனில் உயிரோடு வருகிறான். நாயகர்களில் ஒருவன் ஊரிலேயே இல்லை. இன்னொருவன் இருந்தும் இல்லை. நாவலில் கதாநாயகன் செய்த பெரும் செயலை வேறு யாரோ செய்கிறார்கள். பார்த்து முடித்தபோது எனக்கு வந்தது நடுவாந்தரமான ஒரு திருப்தி அல்ல. முழு மகிழ்ச்சியும் முழு எரிச்சலும் ஒன்றையொன்று குறைக்காமல் ஒரே நேரத்தில் இருந்தன. பெரிய மாயக்கதை நாவல்கள் தொலைக்காட்சித் தொடராகும்போதெல்லாம் ரசிகர்களுக்குள் இந்தச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் சீசனின் கடைசி எபிசோடில்தான் வருகிறது. ஏன் அங்கே மட்டும் என்பதுதான் கேள்வி.

கைக்கு எளிதாகச் சிக்கும் பதில், "புத்தகத்தில் இப்படி இல்லை" என்பது. இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை ஒழுங்காகப் பிடித்துப் பார்த்தால் கையில் நிற்பதில்லை. 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' என்ற முதல் நாவல் 1990இல் வந்தது. அதன் முடிவை மனசாட்சியோடு திரும்பப் படித்தவர்களுக்குத் தெரியும், அது ஜோர்டன் எழுதியவற்றிலேயே குழப்பமானவற்றில் ஒன்று. அதுவரை கதையில் தலைகாட்டாத அகினோர், பால்தமெல் என்ற இரண்டு பெரும் வில்லன்கள் கடைசி அத்தியாயங்களில் திடீரென்று வந்து நிற்கிறார்கள். வந்த வேகத்தில் சாகிறார்கள். கதாநாயகன் ராண்ட் ஓரிடத்தில் இருந்தவன் எப்படி என்றே சொல்லப்படாமல் டார்வின் கணவாயில் போர்க்களத்துக்கு மேலே தோன்றி, ட்ரோலாக் என்ற மிருக மனிதர்களின் படையை அழிக்கிறான். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் கேட்கிறது. எதுவும் எதோடும் சரியாக ஒட்டாது. அதை நாம் மன்னித்துவிட்டோம். பின்னால் வந்த பதின்மூன்று நூல்கள் அந்த முடிவுக்கு முன்தேதியிட்டு அர்த்தம் கொடுத்துவிட்டன. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இந்த விஷயத்தில் அப்படியே பொருந்தும்.

ஆகவே தொடரை உருவாக்கிய ரேஃப் ஜட்கின்ஸ் அந்த முடிவை மாற்றியதே குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாற்றித்தான் ஆகவேண்டும். அவர் மாற்றிய ஒரு பகுதி மூலத்தைவிட நன்றாகவே வந்திருக்கிறது. உலகின் கண் என்று சொல்லப்படும் இடத்தில் வில்லன் இஷமாயேல் ராண்டுக்கு ஒரு கனவைக் காட்டுகிறான்: காதலி எக்வீனோடு கல்யாணம், ஒரு குழந்தை, சொந்த ஊரில் வீடு, எல்லாம் உனக்கே. ராண்ட் அதை மறுப்பது வீரத்தினால் அல்ல. இந்தக் கனவில் இருக்கிறவள் நான் நேசிக்கும் எக்வீன் இல்லை, அவள் ஆசைப்பட்டது வேறு வாழ்க்கை என்பது அவனுக்குத் தெரிகிறது. தன் ஆசைக்காக இன்னொருத்தியை மாற்றி எழுத மறுக்கிறான். ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கி அந்த இடத்தைச் சத்தமில்லாமல் நடித்திருக்கிறார். நாவலில் இதற்கு இணையான இடம் இல்லை.

பிறகு எங்கேதான் தவறியது? ஒவ்வொரு புண்ணாகத் தொட்டுப் பார்த்தால், அநேகமாக எதுவும் எட்டாவது எபிசோடில் ஏற்பட்டது அல்ல.

மாட் இல்லாததை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து கிராமத்து இளைஞர்களில் ஒருவன் கிளைமாக்ஸில் இல்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பிராக் நகரில் படப்பிடிப்பு நின்றபோது கடைசி இரண்டு எபிசோடுகள் மீதியிருந்தன. மீண்டும் தொடங்கியபோது மாட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் திரும்பி வரவில்லை. ஆறாவது எபிசோடின் முடிவில் எல்லோரும் மந்திரப் பாதையின் வாசலுக்குள் நுழைய, மாட் மட்டும் வெளியே நின்றுவிடுகிறான். கதையில் அதற்குக் காரணம் கிடையாது; காரணம் கதைக்கு வெளியே இருந்தது. எழுதி முடித்த இரண்டு எபிசோடுகளிலிருந்து ஒரு நாயகனைப் பிய்த்தெடுத்து, அவன் வேலையைப் பிறருக்குப் பங்கிட வேண்டிய நிலை. கூட்டம் கூட்டமாக நடிகர்களை நெருக்கி நிறுத்திப் போர்க்காட்சி எடுக்க முடியாத காலமும் அதுவே. டார்வின் கணவாய்ப் போர் ஏன் ஒரு சுவரின் மேலும் ஒரு முற்றத்திலுமாகச் சுருங்கிப்போனது என்பதற்கு அழகியல் விளக்கம் தேடுவது வீண். இரண்டாவது சீசனில் டோனல் ஃபின் மாட்டாக வந்து அந்தக் கதாபாத்திரத்தை மீட்டது வேறு கதை.

அந்த ஐவரில் இன்னொருவனான பெரினின் கதை இதைவிடக் கற்றுக்கொடுக்கிறது, ஏனென்றால் அங்கே விபத்து எதுவும் இல்லை. நாவலில் பெரினுக்குத் தொடக்கத்தில் மனைவி கிடையாது. தொடரின் முதல் எபிசோடிலேயே அவனுக்கு லைலா என்று ஒரு மனைவியைக் கொடுத்து, ட்ரோலாக் தாக்குதலின் கலவரத்தில் அவன் கையாலேயே அவள் சாகும்படி செய்தார்கள். கோடரியை வெறுக்கும் மனிதன் என்பதை நாவல் மெல்லமெல்லப் பல நூல்களில் கட்டியது. தொடர் அதை ஒரே அடியில் நிறுவப் பார்த்தது. நோக்கம் புரிகிறது. ஆனால் இவ்வளவு பெரிய காயத்தைக் கொடுத்தால் அதற்குப் பிறகு அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும். மார்கஸ் ரதர்ஃபோர்டு நல்ல நடிகர். எட்டாவது எபிசோடில் அவருக்கு வாய்த்தது, கொலைகாரன் கண்முன் நடமாடும்போது ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு உறைந்து நிற்பது மட்டுமே. ரசிகர்கள் அன்றைக்குத் திட்டியது எட்டாவது எபிசோடை. கடன் வாங்கியது முதல் எபிசோட்.

இனி, சண்டை அதிகமாக நடந்த இடம். ட்ரோலாக் படையை அழிப்பது ராண்ட் அல்ல. ஃபால் டாரா நகரத்துச் சீமாட்டி அமலிசா தலைமையில் ஐந்து பெண்கள் சக்தியை ஒன்றாகப் பிணைத்து அழிக்கிறார்கள். கிராமத்து ஐவரைச் சேர்ந்த எக்வீனும் நைனீவும் அதில் உண்டு. ஆண் செய்ததைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று பொருமியவர்கள் ஒரு பக்கம். அவர்களோடு எனக்குச் சண்டைபோடக்கூட விருப்பமில்லை. என் வருத்தம் விலையைப் பற்றியது. ஜோர்டனின் உலகத்தில் சக்திக்கு விலை உண்டு. அளவுக்கு மீறி இழுத்தவள் எரிந்துபோவாள். அந்த விதிதான் அங்கே எல்லாவற்றுக்கும் கனம் தருகிறது. எபிசோட் அந்த விதியைக் காட்டவும் செய்கிறது: அமலிசாவும் வேறு இரண்டு பெண்களும் கருகிச் சாகிறார்கள். அவர்களில் இருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. நைனீவ் முகமெல்லாம் வெந்து விழுகிறாள். எக்வீன் அழுதபடி தொட்டதும் அந்தத் தீக்காயம் ஆறிப்போகிறது. விதி இருக்கிறது, ஆனால் சுவரொட்டியில் முகம் இருப்பவர்களுக்கு விலக்கு. கத்தியால் குத்துப்பட்டு விழுந்த தோழன் லோயல் இரண்டாம் சீசனில் வந்து நின்றபோதும் இதே கசப்பு. மரணத்தை அடுத்த சீசன் வரைக்குமான தூண்டிலாக ஒரு தரம் பயன்படுத்தினால், அடுத்த தரம் உண்மையாகவே யாராவது சாகும்போது பார்வையாளன் கண்கலங்க யோசிப்பான்.

இந்தக் கட்டத்தில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பக்கம் போகாமல் இருக்க முடியாது. அங்கே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, இரண்டுமே பெரிய அளவில்.

முதலில் நல்லது. 2011 முதல் 2016 வரை வந்த ஆறு சீசன்களும் பத்து பத்து எபிசோடுகள். அவற்றின் அமைப்பில் ஒரு ரகசியம் இருக்கிறது. நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்படுவது ஒன்பதாவது எபிசோடில். பிளாக்வாட்டர் போர் ஒன்பதில். கல்யாண விருந்தில் ராப் ஸ்டார்க் குடும்பம் கொல்லப்படுவது ஒன்பதில். சுவரைக் காக்கும் போர் ஒன்பதில். பாஸ்டர்டுகளின் போரும் ஒன்பதில். பத்தாவது எபிசோடின் வேலை, நடந்ததை மனிதர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று காட்டுவது. பிறகு மெதுவாக ஒரு கதவைத் திறப்பது. முதல் சீசனின் முடிவில் சாம்பலுக்கு நடுவே டெனேரிஸின் தோளில் டிராகன் குஞ்சு உட்கார்ந்திருக்கும் காட்சி அப்படி மூச்சுவிட இடமிருந்ததால் பலித்தது. ஆறாவது சீசன் இறுதியில் செர்சி பேலர் ஆலயத்தை வெடிவைத்துத் தகர்க்கும் பகுதி விதிவிலக்கு; அங்கே பெரிய சம்பவமே பத்தாவதில். ஆனால் அதற்கு முந்தைய எபிசோட் போரை முடித்துக்கொடுத்துவிட்டதால், ரமின் ஜவாடி அதுவரை அந்தத் தொடரில் கேட்காத பியானோவை நிதானமாகத் தொடங்கிவைக்க நேரம் கிடைத்தது. எட்டே எபிசோட் உள்ள இன்றைய சீசன்களில் ஒன்பதாவதன் வேலையும் பத்தாவதன் வேலையும் ஒரே எபிசோடின் தலையில் விழுகின்றன. போரும் நடக்க வேண்டும், துக்கமும் காக்க வேண்டும், புது வில்லனும் கப்பலில் வந்து இறங்க வேண்டும். 'வீல் ஆஃப் டைம்' முதல் சீசன் சொல்லிவைத்தாற்போல ஷான்சான் கப்பல்களின் வருகையோடுதான் முடிகிறது.

கெட்டது எங்கே தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலோர் எட்டாவது சீசனைச் சொல்வார்கள். நான் 2014 ஜூனில் வந்த நான்காவது சீசன் இறுதியைச் சொல்வேன். எல்லோரும் கொண்டாடிய எபிசோட் அது. அதில் டிரியன் சிறையிலிருந்து தப்பிப் போகிற வழியில் தன் தந்தை டைவினைக் கொல்கிறான். நாவலில் அதற்கு முன்னால் ஒரு பேச்சு இருக்கிறது. தம்பியை விடுவிக்கும் ஜேமி, மனம் பொறுக்காமல் ஒரு பழைய பொய்யை ஒப்புக்கொள்கிறான். டிரியன் சின்ன வயதில் மணந்த டைஷா, சொல்லப்பட்டதுபோலக் காசுக்கு வந்தவள் அல்ல. உண்மையாகவே அவனை நேசித்த பெண். அப்பா சொன்னதால் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்கிறான் ஜேமி. அண்ணனும் தம்பியும் பகைவர்களாகப் பிரிகிறார்கள். அந்தக் கொதிப்போடு டிரியன் அப்பாவின் அறைக்கு ஏறுகிறான். தொடரில் இந்தப் பேச்சு இல்லை. சகோதரர்கள் கட்டித் தழுவிப் பிரிகிறார்கள்; தப்பித்தவன் ஏன் படியேறிப் போகிறான் என்பதற்குத் தெளிவான காரணமில்லை. பீட்டர் டிங்க்லேஜும் சார்ல்ஸ் டான்ஸும் அந்தக் காட்சியைத் தங்கள் முகத்தாலேயே தூக்கி நிறுத்தியதால் ஓட்டை தெரியவில்லை. ஆனால் டைஷாவோடு டிரியனின் இருட்டும் போய்விட்டது. அடுத்த சீசன்களில் அவன் நல்ல மனசுள்ள, வாய்ச்சாமர்த்தியமுள்ள ஆலோசகனாகத் தேய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தவறான யோசனை சொல்பவனாக முடிந்தான். வெட்டியது ஐந்து நிமிடப் பேச்சு. அதன் வலி ஐந்து ஆண்டு கழித்துத் தெரிந்தது.

2019 மே 19 அன்று தொடரின் கடைசி எபிசோட் வந்தது. இந்தியாவில் அது திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனவர்கள் பலர். பிரான் அரசனாகிறான் என்றதும் வந்த சிரிப்பையும் கோபத்தையும் விவரிக்கத் தேவையில்லை. எட்டாவது சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு எம்மி விருதுகளில் அதே சீசனுக்குச் சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 விருதுகள். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரான் அரசனாவது மூல ஆசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தயாரிப்பாளர்களிடம் சொல்லிவைத்த திட்டத்திலேயே இருந்தது என்று பிரானாக நடித்த ஐசக் ஹெம்ப்ஸ்டெட் ரைட் சொல்லியிருக்கிறார். அதாவது ரசிகர்கள் அதிகம் வெறுத்த திருப்பங்களில் ஒன்று ஆசிரியரின் எண்ணத்துக்கு விசுவாசமானது. முடிவு வந்துசேர்ந்தது, அதற்குக் கொண்டுபோகும் பாதை வரவில்லை. பிரான் ஐந்தாவது சீசன் முழுக்கத் திரையிலேயே இல்லாதவன். டெனேரிஸ் நகரத்தை எரிப்பதும் அப்படியே. ஐந்தாவது நாவலில் ஏகன் என்று இன்னொரு டார்கேரியன் வாரிசு, உண்மையோ போலியோ தெரியாத ஒருவன், படையோடு வந்து இறங்குகிறான். அவளுக்கு முன்பே மக்கள் அவனை ஏற்றுக்கொள்வதுதான் அவளை உடைக்கும் என்பது நாவல் வாசகர்களிடம் பரவலான ஊகம். தொடர் அவனை முழுதாக நீக்கிவிட்டது. ஏழாவது சீசன் ஏழு எபிசோட், எட்டாவது ஆறு. நீக்கிய காரணங்களுக்குப் பதிலாகப் புதுக் காரணங்களை வளர்க்க அந்தப் பதின்மூன்றில் இடம் ஏது?

விசுவாசம் பலிப்பதும் உண்டு. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' 2007இல் 'தி கோல்டன் காம்பஸ்' என்ற பெயரில் திரைப்படமானபோது, நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படம்பிடித்தும் படத்தில் வைக்காமல் விட்டார்கள். சிறுவன் ராஜர் தன் தோழி லைராவின் தந்தை கையாலேயே பலியாகும் முடிவு பார்வையாளர்களைக் கலங்கடிக்கும் என்ற பயம். படம் நம்பிக்கையோடு முடிந்தது, இரண்டாம் பாகம் வரவேயில்லை. பிபிசியும் ஹெச்பிஓவும் சேர்ந்து எடுத்த 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' தொடரின் முதல் சீசன் 2019 டிசம்பரில் முடிந்தபோது ராஜர் சாகிறான். லைரா வேறு உலகத்துக்குள் நடந்துபோகிறாள். மூலத்தில் உள்ளபடி. ஆனால் தொடர் ஒன்றைச் சேர்த்தது: இரண்டாவது நாவலில்தான் அறிமுகமாகும் வில் என்ற சிறுவனின் கதையை முதல் சீசனின் நடுவிலிருந்தே பக்கவாட்டில் கொண்டுவந்து, இருவரும் ஒரே எபிசோடில் தத்தம் உலகத்தை விட்டுக் கடந்துபோகும்படி செய்தது. நாவலை அப்படியே எடுத்திருந்தால் சீசன் வெறும் துக்கத்தோடு முடிந்திருக்கும். இந்த மாற்றத்தால் துக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் எதிர்பார்ப்பும் நின்றது. முடிவைத் தொடாமல் காப்பாற்ற முன்பகுதியை மாற்றினார்கள். நான் பார்த்த தொடர்களில் இவ்வளவு நிதானமான கணக்கு வேறில்லை.

'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரில் விசுவாசம் என்ற சொல்லே வழுக்குகிறது. அதன் மூலமான 'ஃபயர் அண்ட் பிளட்' 2018இல் வந்தது; நாவல்கூட இல்லை, கற்பனை உலகத்தின் வரலாற்று நூல். ஒரு மதகுரு ஒன்று சொல்வார், அரசவைக் கோமாளி வேறொன்று சொல்வார், தொகுப்பாசிரியர் இரண்டையும் சந்தேகிப்பார். இதனால் 2022 அக்டோபரில் வந்த முதல் சீசன் இறுதியில் ஏமண்ட் தன் மருமகன் லூசெரிஸை வேண்டுமென்று கொல்லவில்லை, கிழட்டு டிராகன் வேகார் சொல்பேச்சு கேட்காமல் கடித்துவிட்டது என்று காட்ட முடிந்தது. வரலாறு வெளியிலிருந்து கண்டதை நாங்கள் உள்ளிருந்து காட்டுகிறோம் என்பது வாதம். எனக்கு அது பிடித்திருந்தது. போர் ஒரு சிறுவனின் வீம்பில் தொடங்கி, அவன் கையை மீறிப்போகிறது. ஏமண்டின் முகத்தில் தெரியும் திகில் உண்மையானது.

2024 ஆகஸ்ட் 4 அன்று முடிந்த இரண்டாவது சீசன் வேறு விதம். பத்துக்குப் பதில் எட்டு எபிசோட். கல்லட் கடற்போர் வரும் என்று நூலைப் படித்தவர்கள் காத்திருக்க, அது மூன்றாவது சீசனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. படைகள் நடக்கின்றன, கப்பல்கள் கிளம்புகின்றன, டிராகன்கள் பறக்கின்றன, அத்தோடு திரை இருள்கிறது. அலிசென்ட் இரவோடு இரவாக எதிரணித் தலைவி ரெனிராவைத் தேடி வந்து நகரத்தை ஒப்படைக்கிறேன் என்று சொல்லும் காட்சி ஒன்றுதான் அங்கே முடிவு என்று சொல்லத்தக்கது. ஒலிவியா குக், எம்மா டார்சி இருவரும் அதில் கொட்டிய நடிப்பை ஒரு தொகுப்புக் காட்சி விழுங்கிவிட்டது. இந்த எபிசோடின் எழுத்தையும் இயக்கத்தையும் குறைசொல்லலாம்தான். ஆனால் போரில்லாத இறுதி எபிசோடை எட்டு என்ற எண்ணே பாதி எழுதிவிட்டது.

இந்தச் சீசனையொட்டித்தான் மார்ட்டினே பகிரங்கமாகப் பேசினார். 2024 செப்டம்பரில் அவர் எழுதி வெளியிட்ட குறிப்பு விரைவிலேயே நீக்கப்பட்டது. அதற்குள் உலகமே படித்துவிட்டது. அவர் எடுத்துக்கொண்டது மேலர் என்ற ஒரு குழந்தையை. அரசி ஹெலீனாவின் கடைசி மகன். செலவும் சின்னக் குழந்தையை வைத்துப் படமெடுக்கும் சிரமமும் கருதித் தொடர் அவனை நீக்கியது. இரண்டாம் சீசனின் முதல் எபிசோடிலேயே, கொலைகாரர்கள் தாயிடம் எந்த மகனைக் கொல்வது என்று கேட்கும் கொடூரம், ஒரே மகன் இருப்பதால் வேறு வடிவம் எடுத்தது. மார்ட்டினின் கவலை அதோடு நிற்கவில்லை. மேலர் பின்னால் சாகவேண்டும், அந்தச் சாவு ஹெலீனாவை உடைக்க வேண்டும், அவள் முடிவு தலைநகரத்தில் கலவரத்தைக் கிளப்ப வேண்டும். ஒரு குழந்தையை எடுத்தால் இத்தனை கண்ணிகள் அறும். ஆசிரியரின் ஆதங்கம் என்று இதைத் தள்ளிவிடலாம், தொடர் வேறு கண்ணிகளைக் கோத்துக்கொள்ளும் என்றும் நம்பலாம். ஆனால் ரசிகன் இறுதி எபிசோடில் உணர்ந்து, பெயர் சொல்லத் தெரியாமல் தவிப்பது பெரும்பாலும் இப்படி எப்போதோ அறுந்துபோன ஒரு கண்ணியைத்தான்.

'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. டோல்கீனின் 'சில்மரில்லியன்' உரிமை இல்லாமல், பின்னிணைப்புகளை வைத்துக் கட்டிய கதை அது. ஹால்பிராண்ட்தான் சாரான் என்று முதல் சீசன் இறுதியில் வெளிப்பட்டதும், டோல்கீனிடம் பின்னால் உருவாகும் மூன்று எல்ஃப் மோதிரங்கள் இங்கே முதலில் உருவானதும் பெரிய விவாதமாயின. எனக்கு அதில் கோபமும் வரவில்லை, பரவசமும் வரவில்லை. கலப்பு உணர்ச்சிக்குக்கூட முதலில் பற்று வேண்டும்.

இன்னொரு காரணம் கதைக்குள்ளேயே இல்லை, காலண்டரில் இருக்கிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் ஆறு சீசன்களும் ஆண்டுதோறும் வந்தன. ஒரு இறுதி எபிசோட் சறுக்கினாலும் பத்து மாதத்தில் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். 'வீல் ஆஃப் டைம்' 2021 டிசம்பரில் முடிந்து 2023 செப்டம்பரில்தான் திரும்பியது. 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' 2022 அக்டோபருக்குப் பிறகு 2024 ஜூனில். இவ்வளவு நாள் ஒரு எபிசோடோடு தனியாக விடப்பட்டால் எந்த ரசிகனும் வழக்கறிஞனாகிவிடுவான். லோயல் செத்தானா என்ற கேள்விக்கு இருபது மாதம் பதில் இல்லை என்றால், பதில் வரும்போது அது என்னவாக இருந்தாலும் அற்பமாகத்தான் தோன்றும்.

'வீல் ஆஃப் டைம்' அந்த இடைவெளிக்குப் பின் தேறியது என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இரண்டாம் சீசன் இறுதியில் ஃபால்மே நகரத்தில் ராண்ட் வானத்தில் தனியே நடத்த வேண்டிய சமர் மறுபடியும் பங்கிடப்பட்டது; முணுமுணுத்தோம். ஆனால் மாட் வலேர் கொம்பை ஊதியபோது எழுந்து உட்கார்ந்தோம். 2025 மார்ச்சில் தொடங்கிய மூன்றாம் சீசன் நான்காவது நாவலான 'தி ஷாடோ ரைசிங்' கதையை எடுத்துக்கொண்டது. நான்காம் எபிசோடில் ராண்ட் ரூயிடீன் நகரத்தின் கண்ணாடித் தூண்களுக்குள் நடந்து, தன் முன்னோர் ஒவ்வொருவராக மாறி, ஓர் இனத்தின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்கிறான். அத்தனை முன்னோர்களாகவும் நடித்தது ஸ்ட்ராடோவ்ஸ்கி ஒருவரே. நாவல் வாசகர்கள் திரையில் வரவே வராது என்று முடிவுகட்டியிருந்த அத்தியாயம் அது. முதல் சீசனுக்காகத் தொடரைக் கைவிட்டவர்கள் பலர் இதற்காகத் திரும்பி வந்தார்கள்.

ஏப்ரல் 17 அன்று வந்த அந்தச் சீசனின் இறுதியில் இரண்டு மாற்றங்கள். ஒன்று நைனீவுடையது. சக்தியை விரும்பியபோது எடுக்கவிடாமல் அவளுக்குள் இருக்கும் தடை நாவல்களில் ஏழாவது நூலில், தண்ணீருக்கடியில் மூச்சுமுட்டும்போது உடைகிறது. தொடர் அதை முன்னுக்கு இழுத்து, வில்லி மொகெடியன் அவளைக் கட்டிக் கடலில் வீசும்போது உடைய வைத்தது. மூன்று சீசன்களாக அந்தத் தடையை ஸோயி ராபின்ஸ் உடம்பில் சுமந்து நடித்திருந்ததால், அவள் கடலைப் பிளந்து எழுந்தபோது நாவல் எண்ணைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காரணம் முன்பே போடப்பட்டிருந்தது.

மற்றொன்று, சக்தியைக் கையாளும் பெண்களின் தலைவியான சியுவான் சாஞ்சேயுடையது. நாவலில் அவள் பதவி பறிக்கப்பட்டு, சக்தி அறுக்கப்பட்டு, உயிரோடு தப்பிக்கிறாள். வீழ்ந்த ஒரு பெண் மறுபடி எழுவது எப்படி என்பதை ஜோர்டன் பல நூல்களில் சொல்கிறார். அறுபட்ட சக்தியைக் குணப்படுத்தவே முடியாது என்ற விதியை நைனீவ் உடைத்துக்காட்டும்போது குணமாகிறவர்களில் அவளும் ஒருத்தி. தொடரில் பதவியைப் பறித்த எலைடா அவள் தலையை வெட்டிவிடுகிறாள். சோஃபி ஒகொனேடோ சாவதற்கு முன் பேசும் பேச்சு கம்பீரமானது. தொடர் அவளையும் ராண்டின் வழிகாட்டி மொய்ரேனையும் காதலர்களாக ஆக்கியிருந்ததால், தொலைதூரத்தில் லான்ஃபியர் என்ற வில்லியோடு போரிடும் மொய்ரேன் அந்தச் சாவை உணரும் கணம் நாவலில் கிடைக்காத ஒன்று. நான் அழுதேன், அழும்போதே கணக்கும் போட்டேன்: இனி நைனீவ் யாரைக் குணப்படுத்துவாள்? யாரையாவது வைத்து அதை எழுதியிருப்பார்கள். இந்தச் சாவு அதற்குத் தகுமா என்பது அப்போது தெரிந்திருக்கும்.

மே மாதம் அமேசான் தொடரை நிறுத்தியது. நான்காவது சீசன் கிடையாது. அல்கெய்ர் டாலில் ராண்ட் வரவழைத்த மழை அங்கேயே நிற்கிறது, சியுவானின் மரணம் சரியா தவறா என்ற வழக்கும் அங்கேயே நிற்கிறது.